சனிக்கிழமை ஜிலேபி

அக்கா,

ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட வேண்டும் என்று இன்று காலை சீட்டைத் தூக்கி அடியில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். மழைக்கோட்டுக்குக் கீழே உங்களுடைய சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. திறக்காமல் விட்டிருக்கலாம். திறந்துவிட்டேன். உள்ளே மைதா மாவு காய்ந்து கல்லாகியிருந்தது. பெருங்காய வாசனை மட்டும் நேற்றுப் பிசைந்ததுபோல் குப்பென்று வந்தது. சீட்டை ஒரு கையால் தாங்கியபடி தெருவில் அப்படியே நின்றுவிட்டேன்.

எதிர்வீட்டு மாமா, "என்ன விஜி, வண்டி கேடாயிடுத்தா?" என்று கேட்டார்.

"பாட்டரி மாமா, வேற ஒண்ணும் இல்லை" என்றேன்.

பொய் எனக்கு இப்போதும் சட்டென்று வருகிறது.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைக்கிறேன். எழுதி யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியைச் சாக்காக வைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். உண்மையில் எழுத ஆரம்பித்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுத வேண்டி வரும் என்ற பயம்தான். போன வாரம் நடந்த ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். அதனால் இன்று உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தம்பி ஆபீஸுக்குப் போயிருக்கிறார், நான் என் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை.

முதலில் ஜிலேபியிலிருந்து தொடங்குகிறேன். நமக்குள் எல்லாம் அதில்தான் தொடங்கியது.

நான் இந்த ஸ்ரீவராகத்து வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோதே நீங்கள் இங்கே இருந்தீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். பூஜைச் சமையல், பண்டிகைச் சமையல், உங்கள் அப்பாவின் திவசச் சமையல் எல்லாம் உங்கள் கை. நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷம் எப்படி இருக்கிறாய் என்று என் சிநேகிதிகள் கேட்பார்கள். நமக்குள் சண்டை வந்ததில்லை. ரொம்ப நெருக்கம் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் அளந்து பேசுவீர்கள். எனக்கு உங்களிடம் கொஞ்சம் பயம் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைதோறும் காலை ஆறரைக்குப் பஜனை என்று கிளம்புவீர்கள். பத்தரை மணிக்குக் குளித்துவிட்டு வந்ததுபோல் முகம் தெளிந்து திரும்புவீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டீர்கள்.

"மாமி, முருகேசன் பேசுதேன். நாளைக்கு ஜிலேபி நல்லாக் கெடைக்கும், பாத்துக்கிடுங்க. இன்னிக்கு மட்டும் முப்பது."

கூடத்திலிருந்து உங்கள் தம்பி, "யாருக்கா அது, ஸ்வீட் கடையா?" என்றார்.

"ஆமாண்டா. பஜனைக்குப் பிரசாதம்."

அவர் அதை அங்கேயே மறந்துவிட்டார். என்னால் முடியவில்லை. உங்களுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்தது. காப்பியில்கூடச் சர்க்கரை போடாதவர், பஜனை என்று சொல்லிவிட்டு எங்கேயோ போய் ஜிலேபி தின்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். மறுநாள் நீங்கள் கிழக்கே கோட்டை ஸ்டாண்டில் பஸ் ஏறியதும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தேன். பஸ் ஊரைத் தாண்டிப் போனது. வெள்ளாயணியில் இறங்கி, காயல் என்று சொல்லும் அந்த ஏரிக் கரையோடு நடந்தீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கரையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் நீங்கள். புடவையை இடுப்பில் தூக்கிச் செருகி, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு நீள மூங்கில் கழை. பக்கத்தில் கைலி கட்டிய ஒரு ஆள்.

"அக்கா!" என்று கத்தினேன்.

நீங்கள் திரும்பவே இல்லை. "ஸ்ஸ். சத்தம் போடாதேடி. தக்கை ஆடறது பாரு."

தண்ணீரில் தக்கையாகக் கட்டிய ஒரு மயிலிறகுத் தண்டு நின்றபடி நடுங்கியது. ஒரு முறை அமுங்கி மேலே வந்தது. இன்னொரு முறை. பிறகு சரிந்து சாய்வாக உள்ளே போயிற்று. மணிக்கட்டை மட்டும் சுண்டினீர்கள். கழை வளைந்தது. கையகல மீன் ஒன்று முதுகு முள்ளை விசிறிபோல் விரித்துக்கொண்டு வெளியே வந்தது. ஈரத் துண்டால் அதன் தலைப்பக்கத்திலிருந்து முள்ளை அமுக்கிப் பிடித்து, வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றி, வாளியில் போட்டீர்கள். பிறகுதான் என்னைப் பார்த்தீர்கள்.

"இதாண்டி ஜிலேபி."

அந்தக் கைலிக்காரர்தான் முருகேசன். தென்காசிப் பக்கத்துக்காரர், ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். காலை வேளையில் அவருக்கு வேலை இல்லை. இங்கே திலாப்பியா என்று எல்லோரும் சொல்லும் மீனுக்கு அவர் ஊரில் ஜிலேபி என்று பெயர். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு உட்கார ஒரு சாக்கு விரித்துக் கொடுத்தார்.

"அக்கா, இதைத் தின்னறேளா?"

"சீ. தின்னறதுக்கு இல்லடி, இழுக்கறதுக்கு. மீன் முருகேசனுக்கு. அவன் ரூம்ல எட்டு பேர் இருக்கா."

"பாவம் இல்லையா?"

மாவை உருட்டி முள்ளில் குத்தினீர்கள். "பாவம்தான். தெரிஞ்சேதான் பண்றேன். மனசைச் சமாதானப்படுத்திக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் கெடைக்கலை. அதனால அந்த வேலைக்கே போறதில்லை."

ஓய்வு பெற்ற புதிதில் ஆபீஸ் சிநேகிதிகளோடு தாமரை பார்க்க இங்கே வந்தீர்களாம். கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த முருகேசனுக்கு ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது. "மாமி, ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க" என்று பக்கத்தில் நின்ற உங்கள் கையில் கழையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் மீன் இழுத்துவிட்டது. "அந்த ஒரு நிமிஷந்தான் விஜி. நாலு வருஷமா இன்னும் முடியலை" என்றீர்கள்.

யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இப்போது அதுதான் என்னைக் குத்துகிறது. சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தால் அதை உடைத்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் கேட்காமலே நம்பினீர்கள்.

அடுத்த வாரம் நானே உங்களை ஸ்கூட்டரில் கொண்டுவிட்டேன். அதற்கடுத்த வாரம், நானும் பஜனையில் சேர்ந்துவிட்டேன் என்று உங்கள் தம்பியிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். பாட்டு வராதே உனக்கு என்று கேலி பண்ணினார்.

எட்டு மாதம் வந்தேன். அந்தக் காலைகளை இப்போது நினைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வருகிறது. ரீல் கிடையாது நமக்கு. கழை நீளத்துக்குத் தங்கூசி என்கிற நைலான் நூல், நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய முள், தக்கை, அவ்வளவுதான். ஜிலேபிக்கு வாய் சின்னது. பெரிய முள்ளைப் போட்டால் மாவை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். முருகேசன் மண்புழு போடுவார். நீங்கள் புழுவைத் தொட மாட்டீர்கள். மைதாவில் பெருங்காயத் தூளும் கனிந்த பாளையங்கோடன் வாழைப்பழமும் போட்டு, சப்பாத்தி மாவைவிட இறுக்கமாகப் பிசைந்து, அந்த டப்பாவில் எடுத்து வருவீர்கள். "சாம்பார் வாசனைக்கு மீன் வருமா மாமி?" என்று முருகேசன் முதலில் சிரித்தாராம். நான் வந்த காலத்தில் அவரே டப்பாவில் கைவிட்டு எடுப்பார்.

கரையில் தினமும் வரும் ஒரு பென்ஷன்காரர், ஓய்வு பெற்ற டிரைவர், மாவும் புழுவும் இல்லாமல் காயலில் மிதக்கும் பச்சைப் பாசியையே முடிச்சாக முள்ளில் சுற்றிப் போடுவார். ஜிலேபி பாசி தின்னும் மீன், அதற்கு அதன் சாப்பாட்டையே கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வெயில் ஏறியதும் பாசிக்குத்தான் நன்றாகக் கடிக்கும். அதை நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். அவரோடு மலையாளத்தில் மணிக்கணக்கில் வாதாடுவீர்கள். வீட்டில் அளந்து பேசும் நீங்களா இது என்று நான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஆரம்பத்தில் அவசரம். தக்கை நடுங்கினதும் இழுத்துவிடுவேன். முள் வெறுமனே வரும்.

"சின்ன மாமி, ஒடனே இழுத்துராதீங்க" என்பார் முருகேசன். "அது மொதல்ல மோந்து பாக்கும், சும்மா தட்டும். தக்கை சரிஞ்சு ஓடுச்சுன்னா அப்பம் சுண்டுங்க."

"அவளுக்கு வாய்ல எதுவும் நிக்காது, கையிலயும் நிக்காது" என்று நீங்கள் சிரித்தீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது கரையோரச் சேற்றில் தாம்பாளம் தாம்பாளமாக வட்டக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி வாலால் அடித்துச் செய்யும் கூடு அது. அதன் மேல் முள்ளைத் தொங்கவிட்டால் போதும், பசி இல்லாவிட்டாலும் ஆத்திரத்தில் பாய்ந்து கடிக்கும். ஒரு மணி நேரத்தில் வாளி நிறைந்துவிடும். நீங்கள் ஒருநாளும் அங்கே போட்டதில்லை. "தீனிக்கு வந்தா அது அதோட ஆசை. வீட்டைக் காப்பாத்த வரதைப் பிடிக்கறது நியாயம் இல்லை" என்று ஸ்டூலை ஆழமான பக்கம் தூக்கிப் போட்டுக்கொள்வீர்கள்.

அந்தக் கோடையில்தான் எனக்கு அந்தப் பெண் மீன் மாட்டியது. கரைக்கு இழுத்து வந்தபோது அது வாயைத் திறந்தது. எள்ளைக் கொட்டினதுபோல் குஞ்சுகள் தண்ணீரில் சிதறின. ஜிலேபி தன் குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் அது ஒன்றுமே தின்னாதாம். ஏதாவது கிட்டே வந்தால் எரிச்சலில் கவ்வும் என்றார் முருகேசன். நீங்கள் புடவையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, என் தங்கூசியைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் குஞ்சுகள் இருந்த பக்கம் விட்டீர்கள். ரொம்ப நேரம் அங்கேயே குனிந்து நின்றீர்கள். அது திரும்பி வந்து குஞ்சுகளை எடுத்துக்கொண்டதா இல்லையா, கலங்கின தண்ணீரில் தெரியவில்லை. மழை பெய்து காயல் நிறையும்வரை அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு மாதம் நிஜமாகவே பஜனைக்குப் போனோம். உங்களுக்கும் பாட்டு வராது என்று அப்போதுதான் தெரிந்தது.

மழை வந்தது. திரும்பவும் இரண்டு சனிக்கிழமை போனோம். அதற்கப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

என் பெண் காயத்ரி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சிநேகிதிகளுக்கு அனுப்ப வேண்டிய போட்டோவைக் கைதவறிக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். தட்டில் கோழி பிரியாணி, பக்கத்தில் சிரித்த முகமாக நம் குழந்தை. உடனே அழித்துவிட்டாள். அதற்குள் உங்கள் தம்பி பார்த்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. நீங்கள் மோர்ச் சாதம் பிசைந்தபடியே, "விடுடா. பசிச்சுது, தின்னா. அது நம்ம கொழந்தைதானே. அதுக்கு ஊரைக் கூட்டணுமா?" என்றீர்கள்.

"நீ செல்லம் கொடுத்துக் கெடுத்தே. இவ பெத்தவ, கண்டுக்கவே இல்லை." என் பக்கம் திரும்பினார். "இந்த ஆத்துல ஆசாரம்னு ஒண்ணு உண்டோடி? எல்லாம் உங்காத்துப் பழக்கம். நீ வளர்த்த லட்சணமாக்கும் இது!"

என் அப்பா, அம்மா, தம்பி என்று ஒவ்வொருவராக இழுத்தார். நீங்கள் "போறும்டா, அவளை ஏன் சொல்றே?" என்று குறுக்கே பேசினீர்கள். எனக்காகப் பேசினீர்கள் அக்கா. எனக்குப் பரிந்து நீங்கள் வாய் திறந்த அந்த நிமிஷத்தில்தான் நான் சொன்னேன்.

"என்னை மட்டும் ஏன் சொல்றேள்? ஆசாரத்தைப் பத்தி உங்க அக்காவைக் கேளுங்கோ. நாலு வருஷமா பஜனைன்னு சொல்லிண்டு வெள்ளாயணில மீன் பிடிச்சிண்டிருக்கா."

என் குரல்தான். எனக்கே கேட்டது. அந்த நொடியில் எனக்கு வேண்டியதெல்லாம் அவர் பார்வை என் மேலிருந்து நகர வேண்டும் என்பதுதான். நகர்ந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் என்னைக் கேட்டார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஆபீஸ் வேலையா அந்தப் பக்கம் போனேன். கண்ணால பாத்தேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாக இருந்தால் நான் தாங்கியிருப்பேன். கழையில் தங்கூசி அறுந்துபோனால் ஒரு கணம் நுனியையே பார்ப்பீர்களே, அப்படிப் பார்த்தீர்கள். பிறகு தம்பி பக்கம் திரும்பினீர்கள்.

"நெஜந்தாண்டா. தின்னலை. பிடிச்சேன்."

"தனியாவா?"

நானும்தான் பஜனைக்கு வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தனியாத்தான். விஜியைப் பஜனை மடத்துல விட்டுட்டு நான் மட்டும் போயிடுவேன்."

எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, உங்கள் அறைக்குப் போனீர்கள். நான் மோர்ப் பாத்திரத்தை மூடி வைத்தேன்.

அவர் அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. காயத்ரியின் பிரியாணியை எல்லோரும் மறந்தே போனார்கள். பதினெட்டு நாளில் அப்பாவின் திவசம் வந்தது. அதற்கு முந்தின வாரம் கூடத்தில் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்:

"சமையலுக்கு வேற ஆள் சொல்லியிருக்கேன் அக்கா. நீ அன்னிக்கு அடுக்களைக்குள்ள வர வேண்டாம்."

"செரிடா" என்றீர்கள்.

முப்பது வருஷமாக அப்பாவின் திவசத்துக்கு நீங்கள் சமைத்தீர்கள். அந்த வருஷம் கூடத்தில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே, மடிப்புடவை கட்டிக்கொண்டு, சமையல்கார மாமிக்கு எடுத்துக் கொடுத்தது நான். எட்டு மாதம் மீனை அமுக்கிப் பிடித்த இந்தக் கைகள். எள்ளுருண்டைக்கு வெல்லப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து உங்கள் குரல் வந்தது.

"விஜி, பாகு முத்தறது, வாசனை வரது பாரு. மாமியை இறக்கச் சொல்லு."

சமையல்கார மாமி, "யாரது, இவ்வளவு தெரிஞ்சவா உள்ள வரப்படாதோ?" என்று கேட்டாள். நான் பாத்திரத்தை இறக்கினேன்.

மன்னிப்புக் கேட்க நான் முயற்சியே பண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் காலை அடுப்படியில், "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "பால் பொங்கறது, பாரு" என்றீர்கள். பாலை இறக்கினேன். நீங்கள் பேச்சை வேண்டுமென்றே மாற்றினீர்களா, நிஜமாகவே பால் பொங்கியதா, எனக்கு நினைவில்லை. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. சொல்லாமலே தப்பித்தேன் என்ற நிம்மதி. அதற்குப் பிறகு நான் ஆரம்பிக்கவே இல்லை.

நீங்கள் மாறவில்லை. அதே அளந்த பேச்சு. எனக்குத் தலைவலி என்றால் சுக்குப் பற்று போட்டுவிட்டீர்கள். சனிக்கிழமைக் காலைகளில் மட்டும் பேப்பரை எழுத்து விடாமல் படித்தீர்கள். திரும்ப அடுக்களைக்கு வா என்று உங்கள் தம்பி ஒருநாள் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். தினப்படிச் சமையலுக்கு நீங்கள் எப்போதும்போல் வந்தீர்கள். பூஜைக்கு வேண்டியதை மட்டும் தொடாமல் ஒதுங்கிக்கொண்டீர்கள். அவர் சொல்லவும் இல்லை, நீங்கள் கேட்கவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். இரண்டாம் நாள் நல்ல தெளிவாகப் பேசினீர்கள். உங்கள் தம்பி மருந்து வாங்கப் போயிருந்தார். நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"வெள்ளாயணில தண்ணி எந்த மட்டத்துல இருக்கோ?"

"நான் நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் அக்கா."

தலையை ஆட்டினீர்கள். நர்ஸ் வந்து, நேரமாயிற்று, வெளியே இருங்கள் என்றாள். மறுநாள் நான் போகவில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்ல வேண்டும், உங்களுக்குக் கஞ்சி கொண்டு வர வேண்டும் என்று காலையில் ஏதேதோ வேலை. பதினோரு மணிக்கு நீங்கள் போய்விட்டீர்கள்.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த மறுநாள் முருகேசன் வந்தார். பேன்ட் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்தது உங்கள் தம்பி. நான் அவர் பின்னால் இருந்தேன். சின்ன மாமி என்று கூப்பிடப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் என்னை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, உங்கள் தம்பியைக் கும்பிட்டார்.

"மாமி தவறிட்டாங்கன்னு இப்பந்தான் தெரியும் சாமி. நல்ல மனுசி."

உங்கள் தம்பி தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். நான் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் வெளியே வந்தேன். முருகேசன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கடைசியா ஒரு நாள் பஸ்ஸுல தனியா வந்தாங்க. கழையை எங்கிட்டக் குடுத்துட்டு, இனி வர மாட்டேன் முருகேசான்னாங்க. எங்க விஜியை எங்கயாவது பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத, அவளுக்குக் கஷ்டம் வந்துரும்னு சொன்னாங்க. அதான்."

தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் கொடுத்தார். நான் அதை வைத்துக்கொண்டு நின்றேன். யார் காட்டிக் கொடுத்தது என்று அவரிடம் நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அந்தத் தண்ணீரை வாங்கியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம். கூடத்தில் ஜன்னல் பக்கத்து நாற்காலியைத் தாண்டும்போதெல்லாம் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு என்று விட்டுவிடுவேன்.

போன வாரம் உங்களுடைய முதல் வருஷத் திவசம். சமையலுக்கு ஆள் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நீயே பண்ணு. அக்காவுக்கு உன் கை பிடிக்கும்" என்றார். அன்று காலை குளித்து, கொடியில் உலர்த்தியிருந்த மடிப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அடுக்களை வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே வைக்க முடியவில்லை. அவர் பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன விஜி, நிக்கறே?"

"ஏன்னா, நான் உள்ள போகப்படாது."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நானும் பிடிச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. "எதை?"

"மீனை. அக்காவோட. எட்டு மாசம். பஜனைக்கு நான் போனது ஒரே ஒரு மாசந்தான். அன்னிக்கு ஆபீஸ் வேலையாப் போனேன்னு சொன்னது பொய். அக்கா தனியாத்தான்னு சொன்னாளே, அது எனக்காகச் சொன்ன பொய். அவளை நீங்க உள்ள விடலைன்னா என்னையும் விட்டிருக்கப்படாது."

குடத்தை மெல்லத் தரையில் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று விரும்பினேன். வீட்டை விட்டுப் போ என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

"அவ எங்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையே" என்றார்.

"சொல்ல மாட்டா."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் வாத்தியாரின் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"உள்ள போ. அடுப்பைப் பத்த வை. நாழியாறது."

அவ்வளவுதான் அக்கா. போனேன். பற்ற வைத்தேன். உங்களுக்குச் சமைத்தேன்.

அவர் அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்குகிறார். உங்கள் அறையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். தன்னைத்தான் கேள்வி கேட்டுக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கு அவரைத் தேற்ற வாய் வரவில்லை.

எனக்கு அன்றிலிருந்து ஒரே நினைப்புதான். எட்டு மாதம் நான் செய்ததையும் ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்ததையும் அவர் ஒரே வரியில் கடந்துபோனார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்திருக்கலாம் என்று தெரிகிறது. நீங்கள் "பிடிச்சேன்" என்று சொன்னபோது, நான் ஒரு அடி எடுத்து வைத்து உங்கள் பக்கத்தில் நின்று, "நானும்" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அவர் இரண்டு பேரையும் திட்டியிருப்பார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். அப்பாவின் திவசத்தன்று நாம் இரண்டு பேரும் கூடத்தில் வெளியே உட்கார்ந்திருப்போம். அடுத்த வருஷத்துக்குள் யாராவது ஒருத்தர் சிரித்திருப்பார், எல்லாம் சரியாகியிருக்கும். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்; கேட்க நீங்கள் இல்லாத வீட்டில்.

உள்ளே போ என்று அவர் சொன்னது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது. நீங்கள் எட்டு மாதம் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தது அதற்குத்தான். அதை நான் வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் இன்னும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஜி